நாலு வயது நிறையாத பிள்ளைக்கு 1 முதல் 50 வரை எழுதிவரச் சொல்கிறார்கள்: உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

நானுஓயா_அம்மா | ஜூன் 8, இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு வருகிற ஆகஸ்ட்டில்தான் நாலு வயது நிறைகிறது. ஜனவரியில் டவுனில் ஒரு நேர்சரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். முதல் நாலு மாதமும் பாட்டு, விளையாட்டு என்று சந்தோஷமாகப் போய்வந்தாள். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் கொப்பியில் வீட்டு வேலை வருகிறது. இன்றைக்கு 1 இலிருந்து 50 வரை, அதோடு அ ஒரு பக்கம், ஆ ஒரு பக்கம்.

பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். மத்தைப் பிடிப்பது போல முழுக் கையாலும் பென்சிலைப் பிடித்து அழுத்தினாள். நகக்கண் வெளுத்துப்போனது. 3 ஐ மறுபக்கம் திருப்பி எழுதினாள். நான் அழித்தேன். திரும்பவும் அப்படியே எழுதினாள். மூன்றாம் தரம் அழிக்கும்போது தாள் கிழிந்துவிட்டது. கிழிந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு "டீச்சர் ஏசுவாங்க" என்று அழத் தொடங்கினாள். கடைசியில் அவள் கைக்கு மேல் என் கையை வைத்து மிச்சத்தை எழுதி முடித்தேன். உண்மையில் எழுதியது நான்தான். அவள் கை எனக்குள் விறைத்துப்போய்க் கிடந்தது. இப்போது தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வேலை முடிந்து வர ஐந்தரை ஆகும். அதுவரை மாமிதான் பார்த்துக்கொள்கிறார். வெளியே விட முடியாத மழை. அதனால் போன் கைக்குப் போய்விடுகிறது, அதுவும் மறைக்காமல் சொல்ல வேண்டியதுதான். இவள் வயதில் எழுத வைப்பது சரியா? சரியில்லை என்றால், இந்த மழைக்குள் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

ரெண்டு_பிள்ளைக்காரி | ஜூன் 8, இரவு 10.31

தங்கச்சி, மனதை விட வேண்டாம். என் மூத்தவனும் இப்படித்தான் அழுதான், பிறகு பழகிவிட்டான். இப்போது தரம் 3, கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஒன்றாம் ஆண்டில் மற்றப் பிள்ளைகள் கடகடவென்று எழுத நம் பிள்ளை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுதான் பெரிய வேதனை. ஐந்தாம் ஆண்டில் ஸ்கொலர்ஷிப் சோதனை வேறு இருக்கிறது. நாங்கள் படிக்காமல் விட்டதைப் பிள்ளைகளும் விட முடியாது. ஏசாமல், அடிக்காமல், ஆனால் கொஞ்சம் கண்டிப்போடு பழக்குங்கள். இது என் அனுபவம்.

சின்ன_டீச்சர் | ஜூன் 9, காலை 6.10

பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் 14 வருடமாக இருக்கிறேன். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற தாய்மார் ஏழு மணிக்கே பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள், அதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

நானுஓயா அம்மா, முதலில் வயதைக் கணக்குப் பார்ப்போம். ஜனவரி 31 ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்திருந்தால்தான் தரம் 1. உங்கள் மகளுக்கு வருகிற ஜனவரியில் நாலரைகூட ஆகாது. அதற்கடுத்த வருடம்தான் பள்ளிக்கூடம். கையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருக்கிறது. எதற்கு இந்த ஓட்டம்?

கையைப் பற்றிச் சொல்கிறேன். பெரியவர்களுடைய மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. மூன்று, நாலு வயதில் அவற்றில் பல இன்னும் மெல்லிய குருத்தெலும்பாகவே இருக்கும். எலும்பாக மாற வருடங்கள் ஆகும். விரல் தசையும் அப்படித்தான். முதலில் முழுக் கையால் பிடிப்பார்கள், அப்புறம் எல்லா விரலாலும், ஐந்து வயதை ஒட்டித்தான் மூன்று விரல் பிடி சரியாக அமையும். மத்துப் போலப் பிடித்தாள் என்றால் அவள் கை அந்தப் படியில் நிற்கிறது என்று அர்த்தம். பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை. 3 ஐத் திருப்பி எழுதுவதும் இந்த வயதில் சாதாரணம். ஆறு, ஏழு வயது வரைகூடச் சில பிள்ளைகள் எழுதுவார்கள். அழித்து அழித்து எழுத வைத்தால் 3 திருந்தாது. கொப்பியைக் கண்டாலே வயிறு வலிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொள்வார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

தரம் 1 இல் பின்தங்கும் என்று அக்கா பயப்படுகிறார், அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் 1990களின் கடைசியில் வந்த சீர்திருத்தத்திலிருந்து தரம் 1, 2 பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் கலந்துதான் வைத்திருக்கிறது. எழுத்தை அங்கே முதலிலிருந்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுத்து தெரியாமல் போகிற பிள்ளை சில மாதத்தில் பிடித்துவிடும். கேட்ட கதையைத் திரும்பச் சொல்லத் தெரியாமல், பொத்தான் போடத் தெரியாமல், "எனக்குப் பாத்ரூம் போகணும்" என்று கேட்கத் தெரியாமல் போகிற பிள்ளைதான் திண்டாடும்.

இரவு ரொட்டிக்கு மா பிசைவீர்கள்தானே. தேசிக்காய் அளவு ஒரு உருண்டை அவளுக்குக் கொடுங்கள். உருட்டிப் பாம்பாக்கட்டும். அந்தப் பாம்பை நடுவில் மடக்கி நிறுத்தினால் ட. அந்தப் பக்கம் இன்னொரு துண்டை நிமிர்த்தி வைத்தால் ப. உள்ளே ஒரு சுழி போட்டால் ம. எங்கள் பிள்ளைகளுக்கு நான் அ வில் தொடங்குவதே இல்லை. சுழி, வளைவு, கோடு மூன்றும் ஒரே எழுத்தில் வருகிறது, பிஞ்சுக் கைக்கு அது பெரிய மலை. ட, ப, ம தெரிந்தால் 'படம்' என்று ஒரு சொல்லே வந்துவிடும், ஒரு புள்ளிதான் பாக்கி. அந்தப் புள்ளிக்கு ஒரு கடுகை வைக்கச் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள் அப்போது.

துணிக் கிளிப்பைத் திறந்து யோகட் கோப்பை விளிம்பில் மாட்டுவது, போஞ்சி உடைப்பது, வெங்காயச் சருகு உரிப்பது, ஒரு கோப்பையிலிருந்து மறு கோப்பைக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, பழைய பேப்பரை நீளநீளமாகக் கிழிப்பது. எல்லாம் பென்சிலுக்குத் தயாராகும் வேலைதான். மாமியோடு சேர்ந்து செய்யலாம்.

ஒன்று மட்டும் டீச்சர்மார் பக்கம் நின்று சொல்கிறேன். கொப்பி வெறுமையாகப் போனால் "என்னத்தைப் படிச்சுக் குடுத்தீங்க" என்று கேட்கிற பெற்றோரும் இருக்கிறார்கள். பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றியும் விடுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். மற்றத் தாய்மார் இல்லாத நேரம் பார்த்துப் போய், "மிஸ், இவளுக்கு ஒரு வரி போதும், நான் வேறு விதமாகச் செய்துகொண்டு வருகிறேன்" என்று பேசிப் பாருங்கள். பலர் மறுக்க மாட்டார்கள்.

பண்டாரவளை_அப்பா | ஜூன் 9, மதியம் 12.45

டீச்சர் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நன்றி.

எண்ணுவதைப் பற்றி என் பங்குக்கு. எங்கள் பையனுக்கு நாலே கால். 100 வரை பாட்டு மாதிரி ஒப்பிப்பான். "அந்த மேசையிலிருந்து ஐந்து கரண்டி எடுத்து வா" என்றால் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருவான். எண் வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை. அதற்கு உதவியது ரயில்தான். வீட்டுக்குக் கீழே பதுளைப் பாதை போகிறது. சத்தம் கேட்டதும் ஓடி வந்து பெட்டிகளை எண்ணுவோம். ஒரு பெட்டிக்கு ஒரு கல் என்று வாசல் இஸ்தோப்பில் வைக்கப் பழக்கினேன். ரயில் போன பிறகு கற்களை எண்ணுவான். "இன்றைக்கு ஒன்று குறைவு, அப்பா" என்று ஒருநாள் அவனாகவே சொன்னான். கழித்தல் கணக்கை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கூட்டிப்போனபோது ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விரலை மடக்கினான். கடைசியில் மடங்காமல் நின்ற ஒற்றை விரலைப் பார்த்து, "இதுக்குப் பாலம் காணாது" என்றான்.

இப்போது என் கேள்வி. இங்கே வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல சிங்கள முன்பள்ளி இருக்கிறது. தமிழ் முன்பள்ளிக்குப் பஸ் ஏற வேண்டும். சிங்களத்தில் போட்டால் பிற்காலத்துக்கு நல்லது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து இப்போதே கலந்து பேசுகிறான். "அம்மா, பல்லா (நாய்) வாறான்" என்கிறான். பேச்சுக் குழம்பிவிடுமா?

சின்ன_டீச்சர் | ஜூன் 9, மாலை 4.20

குழம்பாது தம்பி. கலந்து பேசுவது இரண்டு மொழி கேட்டு வளரும் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான், பிறகு தானாகப் பிரித்துக்கொள்வார்கள். சிங்களம் கட்டாயம் வரட்டும். விளையாட்டில் வருகிற மொழிதான் ஒட்டும். ஆனால் அவன் தரம் 1 தமிழில்தான் படிக்கப்போகிறான் என்றால் தமிழ் முன்பள்ளி நல்லது என்பது என் எண்ணம். சிங்கள முன்பள்ளிதான் வசதி என்றால் வீட்டில் தமிழைக் குறைக்காதீர்கள். கோபம், பயம், கனவு, இதையெல்லாம் சொல்ல ஒரு மொழி முழுதாக இருக்க வேண்டும். "நாய் வருகிறது என்று அம்மாவிடம் சொல்கிறாயா?" என்று சரியான சொல்லை நீங்கள் திரும்பச் சொன்னால் போதும், திருத்த வேண்டாம்.

மஸ்கெலியா_சித்தி | ஜூன் 9, இரவு 11.05

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். அவளுடைய மகனை நானும் அம்மாயியும் வளர்க்கிறோம். அவனுக்கு மூன்றரை வயது. நீங்கள் எல்லோரும் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் பிள்ளை இன்னும் சரியாகப் பேசவே இல்லை. 'தண்ணி', 'ம்மா', 'வா', 'இல்ல', இப்படி எண்ணிப் பார்த்தால் பத்துச் சொல். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். கார்ட்டூன் போட்டால் அசைய மாட்டான், சத்தத்தைக் கூட்டச் சொல்லி அழுவான்.

அம்மாயி, "ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் பேசும், இவன் தாத்தாவும் அப்படித்தான்" என்கிறார். நாக்கில் வசம்பும் தேய்த்தார். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். நாலரைக்கு மேல் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்து சமைத்து முடிக்க அவன் தூங்கிவிடுவான்.

அக்காவுக்கு வேலை முடிய நேரம் ஆகும், அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னுக்கு. அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் வீடியோவில் வருவாள். போன வெள்ளி அவன் திரையைப் பார்க்காமல் ஓடிவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டாள். இவனிடம் நான் எதைத் தவறவிட்டேன் என்று யாராவது சொல்லுங்கள்.

கிளினிக்_அக்கா | ஜூன் 10, காலை 7.30

மஸ்கெலியாச் சித்தி, நான் குடும்ப நல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டங்களில்தான் முழுக் காலமும் வேலை பார்த்தேன். நீங்கள் எதையும் தவறவிடவில்லை அம்மா, கேட்டீர்களே, அதுதான் முக்கியம். ஆனால் இனிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்ப்பார்கள், 'தண்ணி தா' மாதிரி. மூன்றில் சின்ன வாக்கியம் வர வேண்டும். மூன்றரையில் பத்துச் சொல் என்றால் ஆண் பிள்ளை என்று விடக்கூடாது. ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்துவது உண்டு, இவ்வளவு பிந்துவதை அதன் கணக்கில் போட முடியாது. வசம்பால் பேச்சு வராது. அம்மாயியை நோகடிக்காமல், "வசம்பும் தேய்ச்சாச்சு, இனி டாக்டரிடமும் காட்டுவோம்" என்று சொல்லுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது காது. சத்தத்தைக் கூட்டச் சொல்லி அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நின்றது. அவன் பார்க்காத நேரம் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறானா? அடிக்கடி சளியா? வாயால் மூச்சு விடுகிறானா? காதில் சீழ் வடிந்ததுண்டா? அதோடு இதையும் கவனியுங்கள்: கண்ணைப் பார்க்கிறானா, வானத்தில் பிளேன் போனால் விரலை நீட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, வெறுங் கோப்பையில் தேத்தண்ணி குடிப்பது போல நடித்து விளையாடுகிறானா? பதிலை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் இதைத்தான் கேட்பார்.

சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கிளினிக் நாளில் போங்கள். நிறை வளைகோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிற புத்தகம் இல்லை அது. எந்த வயதில் என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். காது பரிசோதனையும் பேச்சுச் சிகிச்சையும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஒரு நாள் பேர் போகும், அது கஷ்டம்தான், தெரியும். இருந்தாலும் போங்கள்.

வீட்டில் "சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சின்னதாகச் சொல்லுங்கள். கோழியைப் பார்த்தால் "கோழி. கோழி ஓடுது." அவ்வளவுதான். பிறகு ஐந்து எண்ணும் வரை பேசாமல் அவன் முகத்தைப் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளை வாயைத் திறக்கும். நீங்கள் சமைக்கும் நேரமே போதும், தனி நேரம் தேட வேண்டாம்.

போனைப் பற்றி எல்லோருக்கும்: உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னபடி இரண்டிலிருந்து நாலு வயது வரை திரைக்கு முன் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நாலு வயதில் நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணியாவது ஓடியாட வேண்டும், பத்திலிருந்து பதின்மூன்று மணி தூக்கம். அம்மாவோடு வீடியோவில் பேசுவதை அந்தக் கார்ட்டூன் கணக்கில் போடாதீர்கள். அக்காவிடம் சொல்லுங்கள், "எப்படி இருக்க, சாப்பிட்டியா" என்று கேள்வி கேட்க வேண்டாம். அங்கே அவர் ஒரு வாழைப்பழம் உரிக்கட்டும், இங்கே இவன் கையிலும் ஒன்று கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடட்டும். ஓடினால் ஓடட்டும். திரும்பி வருவான்.

ரெண்டு_பிள்ளைக்காரி | ஜூன் 10, இரவு 8.15

மஸ்கெலியாத் தங்கச்சி, கட்டாயம் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தனிச் செய்தியில் சொல்லுங்கள், நான் கினிகத்தேனைதான், அட்டனில் வந்து சேர்ந்துகொள்வேன்.

டீச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும். என் இளையவளுக்கு நாலு. எல்லாம் இடது கை. மாமி அந்தக் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் சோறு சாப்பிடக் கொடுக்கிறார். பென்சிலையும் மாற்றி மாற்றி வைக்கிறோம். மூத்தவனைக் கண்டிப்போடு பழக்கியது போல இதையும் பழக்கலாம் என்றிருந்தேன். மேலே எழுதியதையெல்லாம் வாசித்த பிறகு யோசனையாக இருக்கிறது.

சின்ன_டீச்சர் | ஜூன் 10, இரவு 9.02

மாற்ற வேண்டாம் அக்கா. எந்தக் கை என்பது பிறவியிலேயே அமைவது. சாப்பாட்டுக்கும் கோயிலில் விபூதி வாங்கவும் வலது கை என்று மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள், பெரியவர்கள் மனமும் ஆறும், பிள்ளையும் பழகிவிடும். எழுதுவதற்கும் வெட்டுவதற்கும் அவளுடைய கையை விட்டுவிடுங்கள். தாளைக் கொஞ்சம் வலப் பக்கமாகச் சரித்து வையுங்கள், பென்சிலை நுனியிலிருந்து சற்று மேலே பிடிக்கட்டும், எழுதியது கையில் தேயாது. என் வகுப்பில் இப்போது இரண்டு பேர் அப்படி, வரிசையின் இடது ஓரத்தில் இருத்துகிறேன், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை முட்டாது.

லயத்துப்_பிள்ளை | ஜூன் 12, பிற்பகல் 3.40

நான் பதுளையில் வேலை செய்கிறேன், பிள்ளை இன்னும் இல்லை. இருந்தாலும் இந்த இழையை விட முடியவில்லை, ஏனென்றால் நான் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவன். இப்போது பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இருக்கிறது, வர்ணம் அடித்துப் படம் வரைந்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு நீளக் காம்பரா, கூரைத் தீராந்தியில் வரிசையாகத் தொட்டில், ஒரு ஆயம்மா. காலையில் அம்மா இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு வந்து விட்டுவிட்டுப் போவார். மத்தியானம் கொழுந்து நிறுத்த கையோடு வந்து பார்ப்பார்.

மொன்டிசூரி என்றால் டவுனில் காசு கட்டிச் சேர்க்கிற இடம் என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு வாசித்தபோது வேறு கதை தெரிந்தது. மரியா மொன்டிசூரி தன் முதல் நிலையத்தைத் திறந்தது 1907 ஜனவரி 6 ஆம் திகதி, ரோமில் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன பிறகு சின்னப் பிள்ளைகள் தனியாகக் கிடந்து படியையும் சுவரையும் பாழாக்குகிறார்கள் என்றுதான் கட்டடக்காரர்கள் அவரிடம் வந்தார்கள். நம் லயத்து வரிசை வீடுகள் மாதிரிதான். அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டவும், துடைக்கவும், பொத்தான் போடவும், தண்ணீர் ஊற்றவும் கொடுத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் கொடைக்கானல் மலையிலும் இருந்திருக்கிறார், குளிரும் மழையும் தெரிந்தவர்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சின்ன டீச்சர் எழுதிய போஞ்சி உடைப்பதும் கிளிப் மாட்டுவதும் காசில்லாதவர்கள் செய்கிற குறைந்த வேலை என்று யாரும் நினைக்கக்கூடாது. எங்கள் ஆயம்மா எழுத்துத் தெரியாதவர். ஆனால் விடுகதை போடுவார். "அடிக்க மாட்டாள், திட்ட மாட்டாள், ஆனாலும் அழ வைப்பாள், யார்?" என்பார். "வெங்காயம்" என்று கத்துவோம். ஒவ்வொருவர் பெயரையும் கை தட்டித் துண்டு துண்டாகச் சொல்ல வைப்பார். திருவிழாவில் தப்படிக்கிற ஆள் அவருடைய புருஷன், அந்தத் தாளம் அவர் கையிலும் இருந்தது. கொ-ழுந்-து, மூன்று தட்டு. மழை, இரண்டு தட்டு. சொல்லை ஒலியாகப் பிரிக்கிற காது எனக்கு அங்கேதான் வந்தது. பள்ளியில் வாசிப்பு சுலபமாக வந்ததற்கு நான் அவருக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் இப்போது இல்லை.

கிளினிக்_அக்கா | ஜூன் 12, மாலை 6.05

தம்பி எழுதியது மனதைத் தொட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும். போஞ்சி விதை, கடலை, மணி கொடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை அந்த இடத்தில் இருக்கக் கூடாது. மூக்கில் விதை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இடுக்கியால் தோண்டாதீர்கள், உள்ளேதான் போகும். மற்ற மூக்கை அழுத்திச் சீந்தச் சொல்லுங்கள், வராவிட்டால் ஆஸ்பத்திரி. பொம்மையில் இருக்கிற வட்ட பட்டரியை விழுங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டையை அரித்துவிடும்.

நானுஓயா_அம்மா | ஜூலை 2, இரவு 9.20

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். மூன்று வாரம் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நேர்சரி மிஸ்ஸிடம் போய்ப் பேசினேன். முதலில் முகம் மாறியது. "மற்றப் பிள்ளைகள் எழுதுகிறார்களே" என்றார். "இவள் அழுகிறாள் மிஸ், ஒரு வரி மட்டும் கொடுங்கள்" என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். போகும்போது, "போன வருடம் கொப்பி நிறையவில்லை என்று மூன்று பேர் நிறுத்திவிட்டார்கள்" என்று மெதுவாகச் சொன்னார். டீச்சர் எழுதியது அப்படியே இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

ரொட்டி மா இப்போது தினமும் அவள் பங்கு. ட வந்துவிட்டது. ப வும் வந்துவிட்டது. ம வின் சுழி இன்னும் அறுந்து அறுந்து விழுகிறது, அதற்கும் அழுகிறாள், ஆனால் வேறு அழுகை, திரும்ப உருட்டுகிற அழுகை. கடுகு வைப்பது மாமியின் வேலை என்று இரண்டு பேரும் ஒப்பந்தம். படம் என்று வைத்த மாவை அப்படியே கல்லில் போட்டுச் சுடச் சொன்னாள். சுட்டோம். தகப்பனுக்குத்தான் அந்த ரொட்டி.

போன் முழுதாக நிற்கவில்லை. மாமிக்கு முழங்கால் வலி, எந்நேரமும் கூட விளையாட முடியாது. பின்னேரம் அரை மணி என்று வைத்திருக்கிறோம். முன்பு இரண்டு மணி போகும். மழை விட்ட நேரம் சப்பாத்தைப் போட்டுத் தேயிலை ஓரமாகக் கூட்டிப்போகிறேன், அட்டைக்குச் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு. கொழுந்து, முற்றல் இலை, சருகு என்று மூன்று குவியல் போடுகிறாள்.

இரவில் படுக்கை நனைவதைப் பற்றி இங்கே கேட்க வெட்கமாக இருந்தது, கிளினிக் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். இந்த வயதில் சாதாரணம், ஏச வேண்டாம் என்றார். கக்கூஸ் வெளியே, இருட்டு, குளிர், அவளுக்குப் பயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒரு பேசின் வைத்துவிட்டோம். மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ரெண்டு_பிள்ளைக்காரி | ஜூலை 2, இரவு 9.48

அந்தப் பேசின் யோசனை எங்களுக்கும் வேண்டியதுதான். இளையவள் இடது கையால் ஒரு கோழி வரைந்திருக்கிறாள், மாமியே சுவரில் ஒட்டினார்.

மஸ்கெலியா_சித்தி | ஜூலை 6, மாலை 7.15

கிளினிக்குக்குப் போனோம், கினிகத்தேனை அக்கா அட்டனில் காத்திருந்து கூட வந்தார். டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது என்றார். நாம் பேசுவது அவனுக்குத் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருக்குமாம். பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றிவிடும், ஆனாலும் விடாமல் பார்க்க வேண்டும் என்றார். பேச்சு பிந்தியதற்கு அது மட்டும்தான் காரணமா என்று இன்னும் சொல்லவில்லை. கேள் திறன் பரிசோதனைக்கு நுவரெலியாவுக்குக் கடிதம் தந்திருக்கிறார்.

கிளினிக் அக்கா சொன்னபடி பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன், மூன்று தரமும் திரும்பவில்லை. இத்தனை மாதம் சொல்வழி கேட்கவில்லை என்று அவனுக்கு எத்தனை அடி போட்டிருப்பேன். அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

இப்போது முன்னால் குந்தி, முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். நேற்று "சப்பாத்து" என்றேன். எழும்பிப் போய் எடுத்து வந்தான். ஒற்றைச் சப்பாத்து. "மற்றது?" என்றேன். திரும்பவும் போனான். குவைத்தில் இருக்கிற அக்காவுக்கு அதை அப்படியே குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன். வாழைப்பழம் இரண்டு வெள்ளி செய்தோம், முதல் வெள்ளி பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான், இரண்டாம் வெள்ளி முடியும் வரை இருந்தான்.

பரிசோதனை 21 ஆம் திகதி காலையில். மஸ்கெலியாவிலிருந்து விடிய எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று போய்ப் பழகியவர்கள் சொல்வீர்களா?

நானுஓயா_அம்மா | ஜூலை 6, இரவு 8.02

சித்தி, அட்டனுக்கு ஆறு மணிக்கு முன்னே வந்துவிடப் பாருங்கள். பனியாக இருந்தால் தலவாக்கலைக்கு மேலே பஸ் மெதுவாகத்தான் ஏறும். பஸ் எங்கள் சந்தியைத் தாண்டித்தான் போகிறது. திரும்பி வரும்போது இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அன்றைக்கு நான் லீவு போடுகிறேன். தம்பிக்கு ரொட்டி மா உருட்டக் கொடுப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள்.